கோவிட் ஊசிக்குப் பிறகு அம்மா எந்தத் தடுப்பூசியும் வேண்டாம் என்கிறார். எப்படி முடிவெடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு 67 வயது, பல வருடமாகச் சர்க்கரை. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். குடும்ப வாட்ஸப் குழுவிலோ "கோவிட் ஊசி போட்டவங்களுக்குத்தான் மாரடைப்பு வருது" என்று தினம் ஒரு வீடியோ. அம்மா "இனிமே எந்த ஊசியும் வேணாம்" என்று உட்கார்ந்துவிட்டார். கோவிட் பூஸ்டர் இன்னும் தேவையா என்பது உங்கள் துணைக் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. வேளச்சேரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பார்மசி படித்தவன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில், "தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா" என்று மொத்தமாக ஒரு முடிவு எடுக்காதீர்கள். அப்படி ஒரு கேள்வியே கிடையாது. இந்த ஊசி எந்த நோய்க்கு, இந்த வயதில் அந்த நோய் வந்தால் என்ன ஆகும், ஊசி எவ்வளவு தடுக்கும், அந்தப் பாதுகாப்பு எவ்வளவு காலம் நிற்கும், நமக்கு வரும் மருந்து ஒழுங்காக வைத்திருந்த மருந்தா, இவ்வளவையும் ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எங்கள் ஏரியாவில் ரிட்டயர்டான ஒரு பெரியவர். "இந்த ஊசி வியாபாரமெல்லாம் எனக்குத் தெரியும்பா" என்று ஃப்ளூ ஊசிச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர், கொஞ்ச நாள் கழித்து வந்தார். கேட்டுக் கம்பி கையைக் கீறிவிட்டதாம். "தம்பி, ஒரு டி.டி. குடு." சார், அதுவும் டெட்டனஸுக்கான தடுப்பூசிதான் என்றேன். "அது வேறப்பா" என்றார். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், போன வருடம்தான், ஆணி குத்தியபோது. முன்பே முழுசாகப் போட்டவர்களுக்குச் சின்ன, சுத்தமான காயம் என்றால் 10 வருடத்துக்குள் டி.டி. தேவையில்லை, மண்ணும் துருவும் பட்ட காயமாக இருந்தாலும் 5 வருடத்துக்குள் தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி அனுப்பினேன். சென்னையில் ஊசிக்குப் பயப்படுகிறவர்களில் பாதிப் பேர், கீறல் விழும்போதெல்லாம் தேவையில்லாத டி.டி. போட்டுக்கொள்கிறவர்கள்.

சரி, மாரடைப்புக்கு வருவோம். அம்மாவின் பயம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்கள் முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலை போய்விட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று சிகிச்சை தந்தவர்கள் சொன்னார்கள். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. ஆனால் ஜனங்கள் மனதில் பதிந்தது ஏப்ரல் மாதம்தான், அக்டோபர் அல்ல. அந்த ஏப்ரலில் என் கடைக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே "விவேக்குக்கு என்ன ஆச்சு பார்த்தீங்களா?" என்பதுதான்.

நாற்பது தாண்டிய லட்சக்கணக்கான பேர் ஒரே மாதத்தில் ஊசி போட்டால், எப்படியும் வந்திருக்கக்கூடிய மாரடைப்புகளில் சில, ஊசிக்கு மறுநாள் வந்து விழும். ஆகவே ஒரு மரணத்தை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். அதைச் செய்தது. நாடு முழுக்க 47 மருத்துவமனைகளில், 18 முதல் 45 வயதுக்குள் நன்றாக இருந்து திடீரென்று இறந்த 729 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அதே வயது, அதே பகுதி என்று உயிரோடு இருக்கும் நான்கு பேர் வீதம் 2916 பேரோடு ஒப்பிட்டார்கள். ஊசியால்தான் சாகிறார்கள் என்றால் இறந்தவர்களில் ஊசி போட்டவர்கள் அதிகம் இருக்க வேண்டுமல்லவா? இல்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு அந்த ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: முன்பு கோவிடுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தது, உடம்பை வருத்திய கடும் உழைப்பு அல்லது உடற்பயிற்சி. 2023இல் வெளியான ஆய்வு இது. வாட்ஸப் குழுவில் இதை யாரும் ஃபார்வர்ட் செய்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் வரும் இதயத்தசை வீக்கம் பற்றிய வீடியோக்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துச் சுற்றவிடுகிறார்கள். அது நிஜமான பக்கவிளைவுதான், பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, ஃபைசர், மாடர்னா ஊசிகளில். அந்த இரண்டும் நம் ஊர் முகாம்களில் போடப்படவே இல்லை. அம்மா போட்டது அநேகமாக கோவிஷீல்டு அல்லது கோவாக்சின்.

கோவிஷீல்டில் வேறொரு பிரச்சினை உண்மையாகவே உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ரத்தம் உறைந்து, தட்டணுக்களும் குறைகிற அரிய பக்கவிளைவு. 2024இல் "கம்பெனியே ஒத்துக்கொண்டது" என்று செய்தி பரபரத்ததே, அது. ஆனால் புதிதாக வெளியான ரகசியம் இல்லை. 2021 மே மாதமே மத்திய அரசு, இங்கே பத்து லட்சம் டோஸுக்கு 0.61 பேர் என்று கணக்குச் சொல்லி, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓட வேண்டும் என்றும் அறிவித்தது. அது வருவதென்றால் ஊசி போட்ட முதல் சில வாரங்களில் வரும். நான்கைந்து வருடம் கழித்து நெஞ்சு வலிக்கிறது என்றால் அந்த ஊசியைத் திட்டிக்கொண்டு உட்காராமல் ஈ.சி.ஜி. எடுக்கப் போக வேண்டும். "ஊசியாலதான் வலிக்குது" என்று அலுத்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள்.

"இவங்க எப்பவுமே ஊசிக்கு ஆதரவாத்தான் பேசுவாங்க" என்பவர்களுக்கு நான் செங்கல்பட்டைக் காட்டுவேன். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி பலன் தருகிறதா என்று பார்க்க ஐ.சி.எம்.ஆர். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேலானவர்களைச் சேர்த்து, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பி.சி.ஜி. தயாரிக்கும் அரசுக் கூடம் இங்கே கிண்டியிலேயே இருக்கிறது. அப்படியும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று வந்த முடிவை அவர்களே உலகத்துக்குச் சொன்னார்கள். பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுவது, மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து அது குழந்தையைக் காப்பதால். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் வீடுகளில் பயமுறுத்துவார்களே, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தும் சிலருக்கு நரம்புப் பாதிப்பைத் தந்தது. நல்ல மாற்று வந்தபின் 2004 இறுதியோடு இந்தியாவில் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்று கையிலோ தோளிலோ நாலைந்து தடவையோடு வேலை முடிகிறது.

இனி உங்கள் அம்மா.

ஃப்ளூ ஊசி முழுக்கவசம் இல்லை. அந்த வருடத்து வைரஸோடு நன்றாகப் பொருந்தினால் டாக்டரிடம் ஓட வைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும், வயதானவர்களுக்குப் பலன் இன்னும் குறையலாம். "போட்டும் சளி பிடிச்சுதே" என்று அம்மா நிச்சயம் ஒருநாள் சொல்வார், சாதாரணச் சளிக்கு இது மருந்தே இல்லை. பிறகு எதற்கு என்றால், அவர் பயப்படும் அதே மாரடைப்புக்காகத்தான். கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்காக இருந்தது. சர்க்கரை உள்ள 67 வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பாருங்கள்.

அதை ஒவ்வொரு வருடமும் போட வேண்டும், வைரஸ் மாறுகிறது, பாதுகாப்பும் தேய்கிறது. எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை கூடிச் சொல்கிறது. சென்னையில் ஐப்பசி மழையோடு காய்ச்சலும் கூடவே இறங்கும் என்பதால் செப்டம்பரில் போட்டால் நல்லது. வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். பெட்டியின் மேல் எந்தப் பருவத்துக்கான மருந்து என்று வருடம் அச்சிட்டிருக்கும். பழைய பருவத்து மருந்தைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நிமோனியா ஊசி வருடா வருடம் இல்லை. வழக்கமாக 13 வகைக் கிருமிக்கானதைப் போட்டு, ஒரு வருடம் கழித்து 23 வகைக்கானது. 20 வகைக்கான ஊசி கிடைத்தால் ஒன்றோடு முடியும். எது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

டாக்டர் அக்கி ஊசியைப் பற்றியும் சொல்லக்கூடும். இரண்டு டோஸ், 50 வயது தாண்டியவர்களுக்கு, 2023 முதல் இங்கே கிடைக்கிறது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் விலை வீட்டு பட்ஜெட்டை உலுக்கும். அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவியில் எழுதிக்கொள்கிறவர்கள் இந்தச் சென்னையிலேயே இன்னும் உண்டு. கொப்புளம் தானாகவே காய்ந்துவிடும் என்பதால் எழுதியதால் போயிற்று என்று நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நரம்பு எரிகிறது என்று வலிமாத்திரை கேட்டு என்னிடம்தான் வருவார்கள். காசு இருந்தால் போடலாம். இல்லையென்றால் முதலில் அந்த இரண்டும், இது பிறகு.

கோவிட் பூஸ்டரைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். கோவிஷீல்டு தயாரிப்பை 2021 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். அநேகமாக எல்லோருக்கும் ஊசியாலோ நோயாலோ, இரண்டாலுமோ எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. எல்லோருக்கும் பூஸ்டர் போட்ட பிரிட்டனிலேயே 2025 இலையுதிர் காலத்தில் 75 தாண்டியவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் என்று சுருக்கிக்கொண்டார்கள். "பாத்தியா, அவங்களே நிறுத்திட்டாங்க" என்று இதற்கும் ஒரு வீடியோ வரும். தேவை குறைந்ததால் சுருக்கினார்கள், அவ்வளவுதான். அமெரிக்கா வேறு கதை, அங்கே 2025 ஜூனில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் சுகாதார அமைச்சரே ஒரே நாளில் நீக்கினார். அந்த அரசியலை வைத்து வேளச்சேரியில் முடிவெடுக்க வேண்டாம். அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரக மாற்று மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

இவ்வளவு சந்தேகப்படுகிறவர்கள் ஒருவர்கூட என் கடை ஃப்ரிட்ஜைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்பது தெரியாது. உறைந்த ஃப்ளூ ஊசியும் டி.டி.யும் குப்பைக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் கரன்ட் போய் நாள்கணக்கில் வரவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தபோது தெர்மாமீட்டர் அறைச் சூட்டைக் காட்டியது. ஊசி, இன்சுலின் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன், நஷ்டம்தான். எல்லாக் கடையிலும் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஆகவே கேளுங்கள்: தெர்மாமீட்டர் உள்ளே இருக்கிறதா, இன்வர்ட்டர் இருக்கிறதா, ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் பால் பாக்கெட்டும் தயிரும் இருக்கிறதா. முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள். போடுகிற கிளினிக்கே மருந்தும் வைத்திருந்தால் நல்லது. வெளியே வாங்குவதென்றால் போடும் நாளன்றே வாங்கி, ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்து நேராக ஐஸில் படாமல் கொண்டுபோங்கள். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டியில் தொங்கவிட்டு, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஃப்ளூ, நிமோனியா இரண்டு ஊசியையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போடலாம். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத்திணறல் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும். போட்ட பிறகு அரைமணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வையுங்கள். அன்று இரவு கை வலியும் லேசான காய்ச்சலும் வரலாம் என்பதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் மறுநாள் காலை குழுவில் அதுவும் ஒரு வீடியோவாகிவிடும். மருந்துப் பெயரையும் பேட்ச் எண்ணையும் தேதியையும் சர்க்கரை நோட்டிலேயே எழுதி வையுங்கள். நிமோனியா ஊசி போட்டாயிற்றா இல்லையா என்று தெரியாமல் மறுபடி வாங்க வருகிறவர்கள் என் கடையில் நிறையப் பேர்.