மூன்று வகுப்பாக ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. முதல்முறையாக டென்னிஸ் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். மூன்று வகுப்பு முடிந்துவிட்டது, மட்டையைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறாள். ஓரமாக உட்கார்ந்து மற்ற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனால் அழுகை. கட்டாயப்படுத்தி அனுப்பலாமா, இல்லை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. இன்னும் நான்கைந்து வகுப்பு பொறுத்துப் பாருங்கள்.

19 வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஓரத்தில் உட்காரும் பிள்ளை ஒன்றாவது இல்லாமல் எனக்கு எந்த வகுப்பும் அமைந்ததில்லை. ஒரு பையன் ஆறு வகுப்பு பெஞ்சைவிட்டு இறங்கவில்லை, வாயும் திறக்கவில்லை. ஏழாவது வகுப்பில் ஒரு பந்து அவன் காலடிக்கு உருண்டுபோனது. எடுத்தான், கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நடந்து வந்து என் கூடையில் போட்டான். நான் "நன்றிப்பா" என்று சொன்னதோடு விட்டுவிட்டேன். அன்றைக்குப் பந்து பொறுக்கும் வேலை முழுக்க அவனுடையதுதான். அடுத்த வாரம் அவனாகவே மட்டை கேட்டான். பக்கவாட்டில் திரும்பி நின்று, மட்டையைப் பின்னால் கொண்டுபோய், ஒரு அடி எடுத்து வைத்து அடித்தான். நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஆறு வகுப்பாகப் பார்த்தே படித்திருக்கிறான்!

கையைப் பிடித்து இழுப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். என் மகளை நான் அப்படி இழுத்தேன். கோச்சின் பிள்ளையே உள்ளே வரவில்லை என்றால் மற்ற பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் மட்டையைத் தொடவில்லை. இப்போது நினைத்தாலும் மனது கஷ்டப்படுகிறது.

"என்ன பயம்?" என்று கேட்டால் அந்த வயதில் சொல்லத் தெரியாது. நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு பிரச்சினையே இல்லை. பாத்ரூம் எங்கே இருக்கிறது, அவசரமாக வந்தால் யாரிடம் சொல்வது என்பதுதான் கவலை. 15 நிமிடம் முன்னாலேயே போய் பாத்ரூமைக் காட்டுங்கள், தாழ்ப்பாளை அவளே போட்டுத் திறந்து பார்க்கட்டும். சிலருக்கு விசில் சத்தம் ஆகாது. கோச்சிடம் சொன்னால் கை தட்டிக் கூப்பிடுவார்.

அப்புறம் பந்து. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 10 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை 2012-லிருந்தே நிறுத்திவிட்டது. சின்னவர்களுக்கென்று சிவப்புப் பந்து இருக்கிறது, மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் வேகம் குறைவு. பெரியவர்களின் கோர்ட் 23.77 மீட்டர் நீளம். சிவப்புப் பந்துக்கு சுமார் 11 மீட்டர் போதும். உங்கள் மகள் வயதில், பறந்து வரும் பந்தின் வேகத்தைக் கண் இன்னும் சரியாகக் கணிக்காது. அவளைப் போய் மஞ்சள் பந்துக்கு எதிரே நிறுத்தினால் பயப்படத்தான் செய்வாள். மட்டையும் 19 அங்குலம் போதும். பெரியவர்களின் 27 அங்குல மட்டை அவளுக்குத் தூக்கவே கனம்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். ஏதாவது ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் கவனித்து, எத்தனை முறை பந்தை அடிக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று நான்கு முறைதான், மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்கிறது என்றால் வேறு வகுப்பு பாருங்கள். ஓரத்தில் இருக்கும் உங்கள் மகளிடம் கோச் என்ன பேசுகிறார் என்பதையும் பாருங்கள். குனிந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனால் நல்ல கோச். மற்ற பிள்ளைகள் முன்னால் "பாரு, எல்லாரும் விளையாடறாங்க, நீ மட்டும் அழறியே" என்று சொன்னால், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அந்த விஷயத்தில் பொறுமையே வேண்டாம்.

வாரத்தில் ஒரு வகுப்பு வீணாகிறதே என்று வருத்தப்படாதீர்கள், குடி முழுகிப்போய்விடாது. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எந்த வகுப்பும் இதை நிரப்பாது. வீட்டில் துரத்திப் பிடித்து விளையாடுங்கள். ஒரு பலூனை ஊதிக் கொடுத்து உள்ளங்கையால் தட்டச் சொல்லுங்கள். அது மெதுவாக இறங்குவதால் அவளுக்கு நேரம் கிடைக்கும், கண்ணும் கையும் பழகும்.

வகுப்பு முடிந்து வரும் வழியில் "இன்னைக்கும் ஏன் விளையாடலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வகுப்பில் கோச்சிடம் சொல்லி, பந்துக் கூடையை அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.