யமஹா பிளாஸ்டரில் (நான்கு சக்கர ஆஃப் ரோடு வண்டி) 34 மி.மீ கார்புரேட்டர் பொருந்துமா?

மாட்டலாம், ஆனால் போர்ட்டிங் (சிலிண்டரின் துளைகளைக் கடைந்து பெரிதாக்குவது) செய்யாத 195 சிசி இன்ஜினுக்கு அது அதிகம். கம்பெனி கார்புரேட்டர் 26 மி.மீ. வாய் பெரிதானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாக உறிஞ்சப்படாது, த்ராட்டிலைத் திருகியதும் வண்டி திணறும். 28 அல்லது 30 போதும் என்பேன்.

டியூனிங்கைத் தொடங்கும்போதே பெரிய மெயின் ஜெட்டை (முழு த்ராட்டிலில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) மாட்டிவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டினால் அதுவும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. கலவை மெலிந்தால், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைந்தால், சூடும் ஏறும், ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சரிசெய்யும் வரிசை: முதலில் ஐடிலுக்குப் பைலட் ஜெட் (சிறிய ஜெட்), அப்புறம் பாதி த்ராட்டிலுக்கு கார்புரேட்டர் ஊசியின் உயரத்தை மாற்றும் கிளிப், கடைசியில் மெயின். முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் உடனே மெயினைப் பெரிதாக்குங்கள்.