அறுந்த இழையும் எஃப் கார்டும்

அன்புள்ள அண்ணா,

அம்மாபேட்டையில் இருக்கிறேன். வயது 31. கிதார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வார நாட்களில் நேரம் கிடைப்பதில்லை. ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் உட்காருகிறேன். பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கி வாசிக்கும் கார்டுகளில் சி, ஜி எல்லாம் வருகிறது, எஃப் கார்டு வரவே மாட்டேன் என்கிறது. விரல் நுனி எரிகிறது. உனக்கு விரல் குட்டை என்கிறான் நண்பன். இந்த வயதில் தொடங்கியது தப்பா? ஒரு பாட்டு வாசிக்க எத்தனை நாள் ஆகும்?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

31 எல்லாம் ஒரு வயதா? விரல் நீளத்தையும் விடுங்கள், பத்து வயதுப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ஸ்டீல் கம்பிக்கு விரல் நுனி காய்த்துப்போகச் சில வாரம் பிடிக்கும். தினமும் கொஞ்சம் பட்டால்தான் காய்க்கும். ஒரே நாளில் புண்ணாக்கிவிட்டு ஆறு நாள் கிதாரைப் பைக்குள் போட்டு வைத்தால் எரியாமல் என்ன செய்யும்? தினம் 20 நிமிடம் போதும். வாரத்துக்கு 140 நிமிடம்தான் ஆகிறது, உங்கள் ஞாயிறை விடக் குறைவு. அப்படியும் கை அதில்தான் பழகும்.

என் அப்பா நம்ம சேலம் குகைப் பகுதியில் பட்டுத்தறி நெய்தவர். பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றுவது, அதாவது குறுக்கிழை நூலைக் குச்சியில் சுற்றுவது, என் வேலை. முதல்முறை தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்த அன்று, குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடாவை அப்பாவைப் போலவே வேகமாக ஓட்டினேன். பாவில், அதாவது நீளவாட்டு நூலில், இழை அறுந்தது. அப்பா திட்டவில்லை. விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கிப் பிணைத்தார். மறுபடி ஓட்டினேன், மறுபடி அறுந்தது. “இழை பிணைக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுடா, நீ வேகமாவா நெய்யிற?” என்றார்.

நீங்கள் எழுதாவிட்டாலும், நீங்கள் செய்வதும் அதுவாகத்தான் இருக்கும். பாட்டை முழு வேகத்தில் ஓட்டுகிறீர்கள், சி-யிலிருந்து எஃப்புக்குப் போகும் இடத்தில் தடுமாறுகிறீர்கள், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். இருபது தடவை தடுமாறினால் விரல் தடுமாற்றத்தைத்தான் படித்துக்கொள்கிறது. அந்த ஒரு இடத்தை மட்டும் எடுங்கள். ஆறு கம்பியையும் அமுக்கும் எஃப் இப்போது வேண்டாம், மெல்லிய நாலு கம்பி போதும். சி-யைப் பிடித்துக்கொண்டு கையைப் பாருங்கள். ஆள்காட்டி விரல், மெல்லியதிலிருந்து இரண்டாம் கம்பியில், முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் உள்ள முதல் கட்டத்தில்) இருக்கிறது. அது இடம் மாற வேண்டியதே இல்லை, அப்படியே சாய்ந்து முதல் கம்பியையும் சேர்த்து அமுக்கினால் போதும். நடுவிரலும் மோதிர விரலும் தாங்கள் இருக்கும் ஃபிரெட்டிலேயே, மெல்லிய கம்பிப் பக்கமாக ஆளுக்கு ஒரு கம்பி கீழே இறங்கும். அவ்வளவுதான் எஃப். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நாலு தட்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். தவறினால் 50. அதிலும் தவறினால் 40. தவறாத வேகத்தைக் கண்டுபிடித்து அங்கேயே சில நாள் இருங்கள். வெட்கப்படாதீர்கள்.

அப்பா போன பிறகு தறியைக் கொடுத்துவிட்டோம். குழியை மூடி சிமெண்ட் பூசியாகிவிட்டது. சுற்றியுள்ள தரையை விட அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கிறேன். இன்றைக்கும் 60-இல்தான் ஆரம்பிப்பேன்.