ஊராட்சியை மாநகராட்சியோடு இணைப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இணைப்பு வேண்டாம் என்று எங்கள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். அது அரசைக் கட்டுப்படுத்துமா?

பதில்: சட்டப்படி கட்டுப்படுத்தாது. மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சி வருவாய், வேளாண்மை அல்லாத வேலைகளில் இருப்போரின் விகிதம் முதலியவற்றைக் கருதி எது நகரப் பகுதி என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 243-க்யூ பிரிவு ஆளுநருக்கு, அதாவது நடைமுறையில் மாநில அரசுக்கு, தருகிறது. ஆகவே வெறும் எதிர்ப்பைப் பதிவு செய்வதோடு நிற்காமல், ஊரில் இன்றும் எத்தனை ஏக்கர் சாகுபடியாகிறது என்பதை அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) பதிவுகளோடும், எத்தனை குடும்பங்கள் வயல் வேலையை நம்பியிருக்கின்றன என்பதைக் கணக்கோடும் எழுதி, ஆட்சேபணைக்கான கெடு முடிவதற்குள் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்கிறார்களே?

பதில்: இரண்டு அச்சங்களும் நியாயமானவை. நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலை உறுதியை ஊரகக் குடும்பங்களுக்கே அளித்தது; 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டமோ தேர்ந்தெடுத்த சில இடங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியதே தவிர, உரிமையாக அமையவில்லை. நிலமற்ற பெண்களுக்கே இதில் இழப்பு அதிகம். வீட்டு வரி மாநகராட்சியின் சொத்து வரியாக மாறும்போது சுமை கூடுவதும் இயல்பு. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வந்த பிறகே நகர விகிதத்தில் வரி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நகரத்தோடு சேர்ந்தால் பின்தங்கிய ஊர்கள் முன்னேறாதா?

பதில்: முன்னேறலாம், சொந்த வருவாய் குறைந்த ஊராட்சியால் பாதாளச் சாக்கடை போட இயலாது. ஆனால் சென்னையைப் பாருங்கள். 2011-இல் 42 உள்ளாட்சிகளை இணைத்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சியை 426 ஆக விரித்தார்கள். பழைய நகரம் 155 வார்டுகளிலிருந்து 107-ஆகச் சுருங்கியதால், தங்கள் குரல் குறைந்தது என்று அங்கிருந்தோர் குறைப்பட்டார்கள். புதிதாகச் சேர்ந்த 93 வார்டுகளிலோ, பத்தாண்டுகள் கடந்த பின்னும் பல இடங்களில் பாதாளச் சாக்கடைப் பணி முடிந்தபாடில்லை. மழைக்காலத்தில் அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பணம் எந்த மண்டலத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிடும் கட்டாயம் இல்லாத வரை, இணைப்பு மட்டுமே ஏற்றத்தாழ்வைப் போக்காது.

கேள்வி: இணைந்த பிறகு பிரிந்து செல்ல முடியுமா?

பதில்: நம் மாநிலத்தில் அதை மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் வழி இல்லை. கனடாவின் மான்ட்ரியாலில் அப்படி நடந்தது. 2002-இல் அந்தத் தீவின் 28 நகராட்சிகளை ஒன்றாக்கினார்கள். எதிர்ப்பு ஓயாததால் 2004-இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மை வாக்குகளோடு, பதிவுபெற்ற வாக்காளரில் 35 விழுக்காட்டினரின் ஆதரவும் தேவை என்ற நிபந்தனையைத் தாண்டி, 15 நகராட்சிகள் 2006-இல் மீண்டும் தனியாயின. வெஸ்ட்மவுண்ட் போன்ற வசதி மிக்க பகுதிகளும் அவற்றில் உண்டு. அப்படிப் பிரிந்தவையும் காவல், தீயணைப்பு, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றுக்குத் தீவு முழுவதற்குமான பொது மன்றத்துக்குப் பங்குத்தொகை செலுத்தியே ஆக வேண்டும்.