வலமிருந்து வரும் வரிகள்: எடிட்டர் எழுதுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஏழு வருடமாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டரின் திரைப்பகுதியை எழுதி வருகிறேன். அதில் ஹீப்ரு, அரபி, உருது தட்டுகிறவர்கள் தினமும் வேலை செய்கிறார்கள். சொந்தமாக எடிட்டர் எழுதும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும் என்பதால் ஒரு ஏற்பாடு: ஹீப்ருவில் 'ஷாலோம்' என்ற சொல்லுக்கு நான்கே எழுத்து, ஷின், லாமெத், வாவ், மேம். அவற்றை ஷ, ல, வ, ம என்று எழுதுகிறேன். இந்த நான்கும் எங்கே வந்தாலும் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, கல்லூரி ப்ராஜெக்டுக்காக எடிட்டர் எழுதுகிறேன். ஹீப்ரு வரியைத் திருப்பிப் போட்டுச் சேமித்துவிட்டால் திரையில் சரியாகத்தானே தெரியும்?

பதில்: தெரியும் தம்பி, அன்றைக்கு மட்டும். நாங்களும் முதல் பதிப்பில் அதைத்தான் செய்தோம். ஒரு வாடிக்கையாளர் தன் கோப்பில் ஒரு பெயரைத் தேடினார், கிடைக்கவில்லை. கண்ணெதிரே இருக்கிற பெயர் தேடலில் அகப்படவில்லை, ஏனென்றால் உள்ளே அது தலைகீழாகக் கிடந்தது. ஏற்கனவே சேமித்த கோப்புகளை எல்லாம் திருத்திக் கொடுக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

தமிழ் தட்டுகிற நமக்கு இது புதிதில்லை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. யூனிகோடுக்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டின் காலத்தில் கோப்பிலும் கொம்பு முன்னால், ககரம் பின்னால் என்றே இருந்தது. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது திரையின் வேலை. ஹீப்ருவிலும் இதே கதை நடந்தது. ஐஎஸ்ஓ 8859-8 என்ற பழைய ஹீப்ரு குறியீட்டில் உள்ள கோப்புகள் பலவற்றில் எழுத்துகள் பார்வை வரிசையில், அதாவது திரையில் இடமிருந்து தெரியும் வரிசையில் கிடக்கும். இன்று எல்லாமே வாசிக்கும் வரிசைதான். கோப்பில் ஷ, ல, வ, ம. திரையில் மட்டும் ம வ ல ஷ. கோப்பிலும் நினைவகத்திலும் இருக்கும் வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பில்லிங் திரையில் பொருளின் பெயரை ஹீப்ருவில் தட்டி, பக்கத்தில் 25 என்று அளவு போட்டால், 25 பெயருக்கு முன்னால் தாவிவிடுகிறது. எடிட்டரில் பக் என்று புகார் வந்திருக்கிறது. எங்கே தேடுவது?

பதில்: பக் இல்லை சார். யூனிகோடின் இருதிசை விதிகள், அதாவது தர இணைப்பு எண் 9, சொன்னபடிதான் நடக்கிறது. இந்த ஒன்றைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

கோப்பில் இருப்பது: பெயர்: ஷலவம 25

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வகை உண்டு. தமிழ் எழுத்து இடமிருந்து வலமாக ஓடும் வலுவான வகை. ஹீப்ரு எதிர்த்திசையில் வலுவான வகை. 1, 2, 3 போன்ற எண்கள் வலுக்குறைந்தவை. இடைவெளிக்குச் சொந்தத் திசையே கிடையாது, அக்கம்பக்கத்தைப் பார்த்து முடிவாகும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டம் தரப்படும். இங்கே 'பெயர்: ' மட்டம் 0. ஷலவம மட்டம் 1. ஹீப்ருவை அடுத்து வந்த இடைவெளியும் 1. எண் 2.

இனி மேல்மட்டத்திலிருந்து கீழே வாருங்கள். மட்டம் 2-ஐத் திருப்பினால் 25 என்பது 52 ஆகிறது. மட்டம் 1-உம் அதற்கு மேலும் உள்ள 'ஷலவம 52' முழுவதையும் சேர்த்துத் திருப்பினால் '25 மவலஷ'. திரையில் வருவது: பெயர்: 25 மவலஷ. எண் இரண்டு முறை திரும்பியதால் நேராகவே நிற்கிறது, இடம்தான் மாறிவிட்டது. ஹீப்ரு வாசிப்பவருக்கு இது சரியான வரிசை: முதலில் சொல், அதற்கு இடப்பக்கம் எண்.

ஆனால் உங்கள் பில்லில் பெயரும் அளவும் இரண்டு தனி விஷயங்கள். அது விதிகளுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பெயருக்கு முன்னால் எஃப்எஸ்ஐ, முடிவில் பிடிஐ என்ற கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளைப் போடுங்கள். உள்ளே இருப்பது வெளியே உள்ளதைத் தொடாது, 25 தன் இடத்தில் நிற்கும். இந்தத் தனிப்படுத்தும் குறிகள் 2013-ல் யூனிகோட் 6.3-இல் வந்தன. வலைப்பக்கமானால் பிடிஐ என்று அதே பெயரில் ஒலிக்கும் எச்டிஎம்எல் டேக் இந்த வேலையைச் செய்யும்.

நமக்குச் சுவையான ஒன்று: ௨௫ என்று தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் இந்தத் தாவலே நடக்காது. தமிழ் எண்களை யூனிகோட் தமிழ் எழுத்துகளைப் போலவே வலுவான வகையில் வைத்திருக்கிறது.

கேள்வி: ஹீப்ரு வரியில் 10-5-2024 சரியாக வருகிறது, அரபி வரியில் 2024-5-10 என்று வருகிறது. ஒரே கோட்தான்.

பதில்: அரபி எழுத்துக்குப் பின் வரும் எண்ணின் வகை மாறிவிடும். அந்த வகை எண்களுக்கு நடுவே சிறு கோடு வந்தால் அது எண்ணோடு ஒட்டாது, மூன்று துண்டுகளாகி வலமிருந்து அடுக்கப்படும். சாய்கோடு போட்டால் ஒட்டும். தேதியை நீங்களே உருவாக்குகிறீர்கள் என்றால் முழுத் தேதியையும் தனிப்படுத்திவிடுங்கள்.

கேள்வி: விதிகளை நானே எழுதிவிட்டேன், எழுத்தெல்லாம் சரியாக வருகிறது. ஆனால் கர்சர் பைத்தியம் பிடித்தது போல அலைகிறது. என்ன தவறு?

பதில்: பெரும்பாலும் தவறே இருக்காது. எடிட்டரின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. எழுத்தைக் காட்ட ஃப்ரிபிடி, ஐசியூ போன்ற ஆயத்த நூலகம் ஒன்று போதும். கர்சரை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கோப்பில் 'அஆஷலவம' என்று ஆறு எழுத்து. திரையில் அ ஆ ம வ ல ஷ. கர்சர் ஆ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் திரையில் எங்கே வரைவீர்கள்? அடுத்துத் தமிழ் எழுத்தைத் தட்டினால் அது ஆ-வை ஒட்டி வரும். ஹீப்ரு எழுத்தைத் தட்டினால் ஷ-வுக்கு வலப்பக்கம், வரியின் கடைசியில் போய் உட்காரும். கோப்பில் ஓரிடம், திரையில் ஈரிடம். மறுபக்கமும் உண்டு: திரையில் ஆ-வுக்கும் ம-வுக்கும் நடுவே மவுஸால் தட்டினால், அது கோப்பின் இரண்டாம் இடமா, கடைசி இடமா? இரண்டுமே சரி.

சில எடிட்டர்கள் இரண்டு இடத்திலும் அரை அரைக் கர்சர் வரையும். நான் அதை விட்டுவிட்டேன். இப்போது எந்தக் கீபோர்டு தேர்வாகியிருக்கிறதோ அந்த மொழியில் அடுத்த எழுத்து எங்கே விழுமோ அங்கே கர்சரை வரைகிறேன். கூடவே அதன் தலையில் திசை காட்டும் ஒரு சின்னக் கொடி. தட்டுகிறவருக்கு எழுத்து எங்கே விழும் என்ற கேள்வி வரவே கூடாது.

அம்புக்குறி விசையை அழுத்தினால் அந்தப் பக்கமே கர்சர் போகட்டும் என்பது என் கட்சி. கோப்பின் வரிசைப்படி போகட்டும் என்பவர்களும் உண்டு. இரண்டையும் அமைப்பில் கொடுத்துவிடுங்கள். பேக்ஸ்பேஸுக்கு மட்டும் மாற்றுக் கருத்து வேண்டாம்: கோப்பில் முந்தைய எழுத்துதான் அழிய வேண்டும்.

தேர்வு செய்வதிலும் இதே நிலைமை. ஆ, ஷ, ல மூன்றையும் தேர்ந்தெடுத்தால் திரையில் ஆ தனியாகவும் 'லஷ' தனியாகவும் நிறம் மாறும், நடுவே மவ வெறுமனே இருக்கும். ஒரு தேர்வுக்கு ஒரு செவ்வகம் என்று எழுதிய கோட் இங்கே உடையும். செவ்வகங்களின் பட்டியலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடைப்புக்குறி தலைகீழாக வருகிறது. கோப்பில் சேமிக்கும்போதே மாற்றிப் போடலாமா?

பதில்: வேண்டாம். கோப்பில் உள்ளது 'திறக்கும் அடைப்பு' என்ற பொருள், வளைவின் வடிவம் இல்லை. வலமிருந்து ஓடும் துண்டில் அதன் கண்ணாடி வடிவத்தைத் திரை வரைய வேண்டும். திறப்பும் மூடலும் ஒரே திசை எடுக்க வேண்டும் என்ற விதியும் யூனிகோட் 6.3-இல்தான் வந்தது, உங்கள் நூலகம் அதைவிடப் பழையதா என்று பாருங்கள்.

கேள்வி: நீண்ட அரபிப் பத்தியை மடக்கினால் கடைசி வாக்கியம் முதல் வரியில் வருகிறது!

பதில்: திருப்பிய பிறகு மடக்குகிறீர்கள். மட்டங்களைப் பத்தி முழுவதற்கும் கணக்கிடுங்கள், கோப்பு வரிசையிலேயே வரிகளாக வெட்டுங்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் திருப்புங்கள்.

கேள்வி: தேடிய எழுத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்தால் அரபிச் சொல் உடைந்து, எழுத்துகள் தனித்தனியாக நிற்கின்றன.

பதில்: அரபி எழுத்து சொல்லின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் தனியாகவும் வெவ்வேறு வடிவம் எடுக்கும். அயின் என்ற எழுத்தின் நான்கு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே எழுத்து என்று புதியவர்கள் நம்ப மாட்டார்கள். நிறம் மாறும் இடத்தில் வெட்டி, எழுத்துக்கு வடிவம் தரும் நூலகமான ஹார்ஃப்பஸ்ஸிடம் கொடுத்தால் அதற்குப் பக்கத்து எழுத்து தெரியாது. 'கொ'வை நடுவில் வெட்டினால் நமக்குப் புள்ளி வட்டம் வருமே, அதே நோய்தான். முழுத் துண்டையும் வடிவமாக்கிக்கொண்டு, நிறத்தை வரையும்போது மட்டும் பூசுங்கள்.

கேள்வி: காயல்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். முன்னோர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ்ப் பாடல்களைத் தட்டச்சு செய்கிறோம். தமிழ் விளக்கத்தோடு தொடங்கும் பத்திகளில் முற்றுப்புள்ளி வலது ஓரத்தில் போய் நிற்கிறது.

பதில்: நல்ல காரியம் செய்கிறீர்கள் ஐயா. தமிழையே அரபி எழுத்தில், அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் கூடுதல் எழுத்து சேர்த்து எழுதிய மரபு அது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தலைமுறைகள் அதில் வாசித்தன.

பத்தியின் திசையைச் சொல்லாவிட்டால், அதில் முதலில் வரும் வலுவான எழுத்தே திசையை முடிவு செய்யும். '12.' என்று தொடங்கினால் கவலையில்லை, எண் கணக்கில் வராது. 'பாடல் 12' என்று தொடங்கினால் பத்தி முழுதும் இடமிருந்து வலமாகிவிடும், கடைசிப் புள்ளி வலது ஓரம் போகும். பத்தியின் தொடக்கத்தில் ஆர்எல்எம் என்ற, கண்ணுக்குத் தெரியாத வலமிருந்து இடமான குறி ஒன்றைப் போட்டால் சரியாகும். வெறும் உரைக் கோப்பில் திசையைச் சேமிக்க வேறு இடம் இல்லை. விண்டோஸில் வலப்பக்கக் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் பெட்டியின் திசை மாறும், ஆனால் அது கோப்போடு போகாது.

கேள்வி: பாதுகாப்புக்காக இந்தக் கண்ணுக்குத் தெரியாத குறிகளை எடிட்டரில் மொத்தமாகத் தடை செய்துவிடலாமா?

பதில்: இந்தக் கேள்வியின் பின்னணி 2021 நவம்பர். கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் பவுச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 'ட்ரோஜன் சோர்ஸ்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். கமென்டுக்குள் திசைக் குறிகளை ஒளித்து வைத்தால், பார்ப்பவருக்குக் கமென்டாகத் தெரியும் வரி உண்மையில் ஓடும் கோடாக இருக்கும். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-42574 அதன் எண். ரஸ்ட் மொழி 1.56.1 பதிப்பை உடனே வெளியிட்டு, இந்தக் குறிகள் உள்ள கோடை ஏற்க மறுக்கும் சோதனையைச் சேர்த்தது.

தடை செய்தால் மேலே கேட்ட ஐயாவின் பாடல் என்ன ஆகும்? பில்லிங் நண்பரின் 25 என்ன ஆகும்? குறிகளை நீக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியவையுங்கள். கோட் கோப்பில் ஒவ்வொரு குறியையும் ஒரு சிறு பெட்டியாக வரையுங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் கமென்டையும் தனித் துண்டாக வைத்து விதிகளை ஓட்டுங்கள்; உள்ளே என்ன குறி இருந்தாலும் வெளியே கசியாது. இதற்கு விதிகளிலேயே அனுமதி இருக்கிறது.

கேள்வி: விம் எடிட்டரில் ரைட்லெஃப்ட் என்ற அமைப்பைப் போட்டால் போதாதா? ஈமாக்ஸ் எடிட்டர் எப்படிச் செய்கிறது?

பதில்: விம் அந்த அமைப்பில் சாளரம் முழுவதையும் வலமிருந்து அடுக்கும், ஆங்கிலச் சொல்லும் தலைகீழாகும். இருதிசை அதில் இல்லை, டெர்மினல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈமாக்ஸ் 2012-ல் 24.1 பதிப்பில் முழு ஆதரவு கொடுத்தது. எலி ஸாரெட்ஸ்கி எழுதியது. அதன் திரை இயந்திரம் எழுத்து எழுத்தாக நகர்வது, அதனால் அவர் விதிகளையே ஒவ்வோர் எழுத்தாக அடுத்ததைக் கொடுக்கும்படி அமைத்தார். பழைய எடிட்டரில் சேர்க்கப்போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய கோட் அது.

வேகத்துக்கு ஒரு வழி: இடமிருந்து ஓடும் பத்தியில் வலமிருந்து ஓடும் எழுத்தோ அரபி வடிவில் எழுதிய எண்ணோ திசைக் குறியோ ஒன்றுகூட இல்லையென்றால் மட்டம் எல்லாம் 0, விதிகளை ஓட்டவே வேண்டாம். பெரும்பாலான கோட் கோப்புகள் இங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: அக்கா, எனக்கு ஹீப்ருவும் தெரியாது, அரபியும் தெரியாது. எதை வைத்துச் சோதிப்பது?

பதில்: யூனிகோட் தானே இரண்டு சோதனைக் கோப்புகளைத் தருகிறது, பிடிடெஸ்ட் என்றும் பிடிகேரக்டர்டெஸ்ட் என்றும். மட்டங்களும் வரிசையும் சரியா என்று அவை சொல்லிவிடும். கர்சரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு மொழி தெரிந்த ஒருவரை உங்கள் எடிட்டரின் முன் உட்காரவைத்து, ஆங்கிலப் பெயரும் போன் எண்ணும் கலந்த ஒரு கடிதத்தைத் தட்டச் சொல்லுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவருடைய கையைப் பாருங்கள். எந்த இடத்தில் கை நின்று யோசிக்கிறதோ அந்த வரியை அப்படியே நகலெடுத்து வையுங்கள்.