வாசகர் கேள்வி: வெறுங்குலையில் காசநோய் மருந்தா?

கேள்வி: எங்கள் ஊர் செம்பனை ஆலையில், பழங்களை எடுத்தபின் மிஞ்சும் வெறுங்குலை மலைபோல் குவிகிறது. அதிலிருந்து காசநோய்க்குப் புது மருந்து செய்யலாம் என்கிறான் வேதியியல் படிக்கும் மகன். நடக்கிற காரியமா ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மருந்தாகவே கிடைக்காது அம்மா, மூலப்பொருள் கிடைக்கும். வெறுங்குலை நாருக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை ஆக்சிஜனேற்றம் செய்தால், வெனிலா மணம் தரும் வனிலின் கொஞ்சம் வரும். 1952 முதல் காசநோய்க்குத் தரப்படும் ஐசோநயாசிட் 1.37 கிராமுடன் வனிலின் 1.52 கிராம் சேர்த்து, எஃகுக் குண்டுகள் உருளும் கலனில் அரைத்தால் இரண்டும் இணைந்த ஹைட்ரசோன் என்ற புதுச் சேர்மம் உருவாகும். கரைப்பான் வேண்டாம், துணைவிளைபொருள் தண்ணீர் மட்டுமே. கணக்குப்படி, போட்ட எடையில் சுமார் 94 விழுக்காடு விளைபொருளாகிவிடும். மருந்துத் தயாரிப்பில் கழிவின் பெரும்பகுதி கரைப்பான்தான் என்பதால் இது பெரிய லாபம்.

சறுக்கும் இடங்களும் உண்டு. வெளிவரும் தண்ணீரால் மாவு பசையாகிச் சுவரில் ஒட்டும். வினை பாதியில் நிற்கும். இடையிடையே சுரண்டிவிட்டு, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு நிறப்பகுப்பில், வினை முடிந்ததா என்று சோதிக்க வேண்டும். ஐசோநயாசிட் மிஞ்சியிருந்தால் கிருமியைக் கொல்வது அதுதான். புதுச் சேர்மம் வேலை செய்வதாக ஏமாந்துபோவோம். எத்தனாலில் படிகமாக்கித் தூய்மைப்படுத்தலாம், ஆனால் தாராளமாக ஊற்றினால் மிச்சப்படுத்தியது போய்விடும்.

இன்னொன்று முக்கியம்: இரைப்பை அமிலத்தில் ஹைட்ரசோன் உடைந்து பழைய ஐசோநயாசிட்டாகலாம். அப்படியானால் அம்மருந்துக்கு மசியாத கிருமியிடம் பலன் இராது. ஐசோநயாசிட் தயாரிக்க நச்சான ஹைட்ரசீன் தேவைப்படுவதையும் பசுமைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். அரைப்பதைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்யலாம். கிருமிச் சோதனை உயர்பாதுகாப்புக் கூடத்தில்தான். இக்கிருமி ஒருமுறை இரட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நாளாகும், முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.