யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பள்ளிக்கூடத் தோட்டம்: 30 அடிக்கு 20 அடி நிலத்தில் என்ன, எப்போது நடலாம்?

கேள்வி வலிகாமத்திலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியது: கிணற்றடியில் 30 அடிக்கு 20 அடி நிலம், ஆறாம் வகுப்பில் 25 பிள்ளைகள், கையில் பெரிய காசில்லை.

எதை நடுவது என்பதற்கு முன்னர் எப்போது நடுவது என்பதைத் தீர்மானியுங்கள். பள்ளிக்கூடத் தோட்டங்களைப் புழு தின்று அழிப்பதை விட லீவு தின்று அழிப்பதுதான் அதிகம். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடும். அந்த நேரத்தில் கன்று நட்டால் வேர் அழுகும். கார்த்திகைக் கடைசியில் தட்டில் நாற்றுப் போட்டு, தைப்பொங்கலை ஒட்டி நட்டால், சித்திரை லீவுக்கு முன் காய் பறித்துவிடலாம். மார்கழி லீவில் நாற்றுத் தட்டு ஒரு பிள்ளையின் வீட்டு விறாந்தை ஓரத்தில் இருக்கட்டும். வெயில் விழவேண்டும், சாரல் படக்கூடாது. சில ஆண்டுகளில் தவணைகள் தள்ளிப் போவதால் அந்த வருடத்து நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்தி 3 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கை இரு பக்கமிருந்தும் நடுவுக்கு எட்டும், மண்ணை மிதிக்காது. 3 அடிக்கு 8 அடியாக, நடுவில் ஒன்றரை அடி வழி விட்டால் 12 பாத்தி வரும். ஒரு மூலையில் கூட்டெருக் குவியலுக்கும் இடம் மிஞ்சும். பாத்திக்கு இரண்டு பிள்ளைகள். மிஞ்சும் ஒருவரிடம் தண்ணீர் விட்டதைக் குறித்துவைக்கும் கொப்பியைக் கொடுங்கள், அதுதான் முக்கியமான வேலை. பாத்தியின் உயரம் அரை அடி போதும். மழைக்காலத்தில் முக்கால் அடி. கோரை இருந்தால் மண்வெட்டியால் கொத்தாமல் முள்ளுக் கருவியால் கிளறிக் கிழங்கோடு எடுங்கள். கொத்தினால் ஒன்று பத்தாகும்.

ஒரு பாத்திக்கு நன்றாக மக்கிய மாட்டெரு 5 முதல் 6 கிலோ. பச்சைச் சாணி போட்டால் கறையான் வரும், கன்றும் கருகும். நடுவதற்கு ஒரு மாதம் முன் பூவரசங்குழையோ கிளிசறியாக் குழையோ மண்ணில் தாழ்த்தினால் நல்லது. யூரியா வேண்டாம். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே போட்ட நைதரசன் மழையோடு இறங்கி அதே கிணற்றுக்குத்தான் போகும். மலைநாட்டுக்கு எழுதிய கையேட்டைப் பார்த்துச் சுண்ணாம்போ டொலமைற்றோ போடுவதும் தவறு. இங்கே சுண்ணாம்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. உரத்தைக் கூட்டினால் தீராது, கூட்டெருவைக் கூட்டுங்கள்.

முதல் வருடத்துக்கு என் கணக்கு: கீரை 4 பாத்தி, வெண்டி 3, கத்தரி 2, பயற்றை 2, முள்ளங்கி 1. மிளகாயை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். இலைச் சுருளல் வந்தால் பிள்ளைகளின் உற்சாகமும் சுருண்டுவிடும். கீரை 25 நாளில் பிடுங்கலாம் என்பதால் ஆர்வம் தணியாது. கத்தரி ஒரு பாத்திக்கு 2 அடி இடைவெளியில் 4 கன்றுதான். வெறுமையாகத் தெரியும். இடையில் கீரை தூவினால் கத்தரி படருமுன் அது சட்டிக்குப் போய்விடும். வெண்டி இரண்டு வரி, கன்றுக்குக் கன்று ஒன்றரை அடி. குழிக்கு மூன்று விதை போட்டு, முளைத்தபின் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். கன்று நடுவது மாலையில். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். இலை போனால் வேறு வரும், தண்டு நசிந்தால் கன்று போச்சு. மூன்று நாளைக்கு மேற்குப் பக்கம் ஒரு குழையைக் குத்தி நிழல் கொடுங்கள்.

மாசி, பங்குனியில் ஒரு பாத்திக்கு நாளுக்கு 10 லீற்றர், அதாவது ஒரு பூவாளி, முதல் மணி அடிக்குமுன். பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் கிணற்றில் உப்பு ஏறுகிறது. அப்படியானால் முள்ளங்கியை விட்டுப் பீற்றூட் போடுங்கள். போஞ்சியும் கரட்டும் உப்பைத் தாங்கா. தண்ணீர்ப் பீப்பாயை வலையால் மூடாவிட்டால் டெங்கு நுளம்பையும் சேர்த்தே வளர்ப்பீர்கள்.

வெண்டியில் சனி, ஞாயிறுதான் சிக்கல். வெள்ளிக்கிழமை விரலளவு பிஞ்சையும் பறித்துவிடவேண்டும். திங்களன்று முற்றிய காய் நின்றால், சமைக்க உதவாவிட்டாலும் வெட்டி எறியுங்கள். காய் முற்ற விட்ட செடி புதிதாய்க் காய்ப்பதைக் குறைத்துவிடும். இலை நரம்பு மஞ்சள் வலையாகத் தெரிந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசு. மருந்தில்லை, செடியைப் பிடுங்குங்கள்.

கத்தரியில் நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு. வாடலுக்கு ஓரங்குலம் கீழே வெட்டிச் சவர்க்காரத் தண்ணீரில் போடவேண்டும். கூட்டெருவில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். வேப்பங்கொட்டைக் கரைசல் (லீற்றருக்கு 50 கிராம் இடித்து, இரவு ஊறவிட்டு, வடித்துத் துளி சவர்க்காரம்) வெளியிலுள்ள பூச்சிக்கு உதவும், குருத்துக்குள் போன புழுவை எட்டாது.

முழுக் கத்தரிச் செடியும் பச்சையாகவே நண்பகலில் வாடினால் வேறு நோயாக இருக்கலாம். அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நூல்போல் வெள்ளையாக இறங்கினால் அது பக்டீரியா வாடல். விஞ்ஞானப் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது. செடியை வேர் மண்ணோடு அகற்றி, அந்தப் பாத்தியில் குறைந்தது இரண்டு வருடம் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு வைக்காதீர்கள், கீரை போடலாம். சந்தேகமிருந்தால் பக்கத்துக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், வெட்டிய தண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

படலையைப் பூட்ட ஒரு ஆளை நியமிக்க மறக்கவேண்டாம். கட்டாக்காலி மாட்டுக்கு ஒரு இரவு போதும்.